அப்பா வழி

நான்கு ஆண்டுகளுக்கு முன், ஒரகடத்தில் அக்கா வேலை செய்த வயரிங் தொழிற்சாலையில் ஆண்டுப் பரிசோதனைக்காக ஒரு படிவம் கொடுத்தார்கள். இளம்பச்சைத் தாள், இரண்டு பக்கம். "நீதான் கணக்கா எழுதுவ, நீயே எழுதிக் குடு" என்று அக்கா அதை என்னிடம் தந்தாள். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்ற கேள்விக்கு, அம்மாவின் மூன்று சகோதரிகளையும் போனில் விசாரித்த பிறகே 'இல்லை' என்று எழுதினேன். பெண்களுக்கு வரும் நோய் தாய்வழியில்தான் வரும் என்று நினைத்திருந்தேன். அப்பாவின் தங்கை என் நினைவுக்கே வரவில்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவர் எங்களுக்கு 'அவங்க வூட்டு ஆளு'. வயிற்றில் நீர் கோத்து அவர் இறந்ததை நேரம் உட்பட என் டைரியில் குறித்து வைத்திருந்தவனும் நான்தான்.

சென்ற ஆண்டு அக்காவின் வயிறு உப்பத் தொடங்கியது. கேன்டீன் சாப்பாடு என்றாள். லைனில் உடன் நின்ற பெண்கள், "இன்னாக்கா, இந்த வயசுல முழுவாம கீறியா?" என்று கேட்க, "ஆமாண்டி, ரெட்டை. வளைகாப்புக்கு ஆளுக்கொரு தட்டு எடுத்துனு வாங்க" என்று சிரித்தாளாம். அவள் திருமணமே செய்துகொள்ளாதவள். ஸ்கேன் எடுத்தபோது, சூலகத்தில் தொடங்கிய புற்றுநோய் வயிறெங்கும் பரவியிருந்தது.

அவள் ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பிய டாக்டர், முடிவு வந்ததும் எனக்குப் பொறுமையாக விளக்கினார். செல்கள் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் மரபணு ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதிகளாக இருக்கும். அக்காவுக்குப் பிறக்கும்போதே ஒன்று பழுது. மிஞ்சிய ஒன்றும் சூலகத்தில் என்றோ கெட்டபின், தடுக்க அங்கே எதுவும் இல்லை. "அப்பா பக்கம் யாருக்காவது இருந்துச்சா?" என்றார். அத்தையைச் சொன்னேன். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா, கட்டி வர்றதுக்குள்ள சூலகத்தையே எடுத்திருக்கலாமே" என்றார். அக்காவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தையில் போய்விட்டாள்.

அதே பழுது எனக்கும் இருக்கிறது. என் ஒரே மகளுக்கு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஸ்ரீபெரும்புதூரில் போன் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். இருபத்து நான்கு வயது. சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே சொன்னாள்: "ரிப்போர்ட் உன் நம்பருக்கே வரட்டும்பா. ஒண்ணும் இல்லன்னா மட்டும் எனக்கு போன் பண்ணு."

ரிப்போர்ட் வந்து மூன்று நாளாகிறது. நான் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.