வளைவின் நடுவே ஒரு முட்டு

ஓய்வு பெற்றபின் வீடு கட்டுகிறவர்கள் சிமெண்டு விலைக்கும் மழைக்கும் பயப்படுவார்கள். நான் மறுநாளுக்குப் பயந்தேன். உள்ளாட்சித் துறைக் கோப்புகளிலேயே தலை நரைத்தவன் நான். ஒரு கூரை விழுந்தால் முதலில் யார் வருவார், என்ன கேட்பார், எந்தத் தாளில் யார் கையெழுத்து இல்லை என்பதை எத்தனையாவது கேள்வியில் கண்டுபிடிப்பார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

என் வீட்டில் அந்தக் கேள்விக்கு விடை இருந்தது. வரைபடத்தில் கையெழுத்துப் போட்டவர் நகரத்தில் லைசென்ஸ் உள்ள ஒரு என்ஜினீயர். வீட்டை வரைந்து கட்டியவர் வேறொருவர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கொழும்பில் படித்துத் தொழில் செய்து, எண்பதுகளில் படகேறி வந்தவர். திருவனந்தபுரத்து மழையையும் செம்மண்ணையும் இங்கே பிறந்தவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார். சுவர் செம்பாறையில் அறுத்தெடுத்த வெட்டுக்கல், பூச்சு கிடையாது. கூரை செங்கல் வளைவு; கம்பியும் கிடையாது, கான்கிரீட்டும் கிடையாது. வித்துரா சாலையோரத்துச் சரிவில் அது எழும்பியபோது பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "சாரே, இது வீடோ, கள்ளுஷாப்போ?" என்று கேட்டார்.

எங்கள் கட்டடக் கலைஞர் சட்டப்படி இங்கே ஒரு அந்நியர். மாதாமாதம் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. டீக்கடையில் யாழ்ப்பாணத் தமிழ் கேட்டால் நாலு தலை திரும்பும். அவர் மேல் ஒரு வழக்கு, எவ்வளவு சிறியதானாலும் சரி, பதிவானால் தங்கும் அனுமதி போய்விடும். அவரோடு மனைவியும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்களும் போக வேண்டும். எங்கே என்று கேட்கிற பத்தி எந்தப் படிவத்திலும் இல்லை.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வளைவு இறுகியதும், அதைத் தாங்கி நிற்கும் மர முட்டுகளின் அடியிலுள்ள ஆப்புகளை இரண்டு பக்கமும் ஒரே அளவாக, நாள் விட்டு நாள் தளர்த்துவார். கடைசி முட்டுக்காலைத் தட்டி எடுக்கும்போது எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, தான் மட்டும் அடியில் நிற்பார். என் வீட்டிலும் அப்படியே நின்றார். கூரை நின்றது. நான் வெளியே பலாமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு இடவப்பாதி, ஜூன் மாதத்துப் பருவமழை, பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. மழை விட்ட காலையில் நான், என் மனைவி, அவர் மூவரும் போனோம். அன்று அவர் கையெழுத்துப் போட வேண்டிய நாள். பார்த்துவிட்டு அப்படியே ஸ்டேஷனுக்குப் போவதாக ஏற்பாடு. சாவியோடு காத்திருந்த களியக்காவிளைப் பக்கத்துக் கொத்தனார் கதவைத் திறந்தார்.

நடு அறையின் கூரையில் ஒரு விரிசல். சுவரிலிருந்து சுவர் வரைக்கும், கத்தியால் கோடு போட்டதுபோல.

மனத்துக்குள் கோப்பு தானாகத் திறந்தது: பஞ்சாயத்து, இடத்தைப் பார்த்து எழுதும் மகஜர், லைசென்ஸ் என்ஜினீயர் கைவிரிப்பது, "அப்படியென்றால் கட்டியது யார்?"

அவர் விரிசலைப் பார்க்கவில்லை. அறை நடுவே, உச்சிக்கு நேர் கீழே நின்ற ஒற்றை முட்டுக்காலைப் பார்த்தார்.

"ஆர் வைச்சது இதை?"

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "மழைக்கு முந்துன நாளு அம்மதான் சொன்னாவ சாரே. மழைக்கு ஒரு பெலத்துக்கு இருக்கட்டும்னு. நல்லா இறுக்கித்தான் வச்சேன்."

"ஆமா, நான்தான் சொன்னேன்," என்றாள் என் மனைவி. "கம்பி இல்லாத கூரைக்கு ஒரு காலாவது வேண்டாமா? அதிலென்ன தப்பு?"

"அம்மா, வளைவு எண்டால் எல்லாம் சேர்ந்து இருக்கவேணும். சுண்ணாம்பு மழையிலை நனைஞ்சு ரெண்டு பக்கமும் கொஞ்சம் இறங்கியிருக்கு. நடுவை மட்டும் நீங்கள் இறங்க விடேல்லை. அதுதான் வெடிச்சிருக்கு."

"அப்போ எடுத்திரலாமே?"

"எடுக்கத்தான் வேணும். விட்டால் இன்னும் வெடிக்கும். எடுத்தால்..."

சுத்தியலை எடுத்துக்கொண்டு எங்களை வெளியே போகச் சொன்னார். வாசலில் என்னை மட்டும் நிறுத்தினார்.

"ஐயா, ஒண்டு கேக்கிறன். விழுந்தால், என்னை நீங்கள் கூப்பிடேல்லை எண்டு சொல்லிப்போடுங்கோ. களவாய் உள்ளுக்கை வந்தவன் எண்டாலும் பரவாயில்லை. இந்த வீட்டை நான் கட்டினது எண்டு மட்டும் வரக்கூடாது. பிள்ளையள் இஞ்சை படிக்குதுகள்."

பலாமரம் வரைக்கும் போனேன். அங்கே நின்று யோசித்தேன். வீட்டுக்காரன் வெளியே நின்று, கட்டியவர் உள்ளே செத்தால் அது கவனக்குறைவு. வீட்டுக்காரனும் உள்ளே இருந்தால் அது விபத்து. புகார் கொடுக்க ஆளில்லை. வழக்குக்கு ஒரு வாதி வேண்டும். இதைத் தைரியம் என்று யாரும் எழுதிவிடக் கூடாது. எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். உள்ளே போனேன்.

பின்னாலேயே செருப்புச் சத்தம். "நான் வச்ச முட்டு," என்றாள் மனைவி. "எனக்கு மட்டும் வெளியில என்ன வேலை?"

"ஐயோ அம்மா, போங்கோ வெளியிலை!" என்று அவர் கத்தினார்.

"நீங்க தட்டுங்க, கேட்டோ. பேசிட்டே நின்னா எனக்குப் பயம் ஜாஸ்தியாகுது."

கொத்தனார் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "மூணு பேரும் உள்ள நிண்ணா, போலீசுகிட்ட நான் ஒத்தைக்கா பதில் சொல்லணும்?" என்று முனகிக்கொண்டு அவரும் வந்து சுவரோரம் ஒட்டி நின்றார். வெளியே சாட்சிக்குக்கூட ஆளில்லாமல் போயிற்று.

எங்கள் கட்டடக் கலைஞர் தட்டினார். ஆப்பு நகரவில்லை. மறுபடி தட்டினார். முட்டு சாய்ந்து தரையில் விழுந்த சத்தத்தில் எனக்குக் கூரையே விழுந்ததாகத்தான் தோன்றியது. மேலே பாறைக்குள் யாரோ முனகுவதுபோல ஓர் ஒலி. செங்கல் பொடி எங்கள் தலையில் கொட்டியது. மனைவியின் நகம் என் முழங்கையில் பதிந்தது. முனகல் நின்றது.

யாரும் மேலே பார்க்கவில்லை. கடைசியில் கொத்தனார்தான் பார்த்தார். "வெடிப்பு அடைஞ்சிட்டுது சாரே. முழுசுமில்ல. ஒரு மயிரிழை பாக்கி."

எங்கள் கட்டடக் கலைஞர் சுத்தியலைக் கீழே வைக்க முயன்றார். விரல்கள் விரியவில்லை. என் மனைவி ஒவ்வொரு விரலாக விரித்து வாங்கிக்கொண்டாள்.

அவரைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் பதிவேட்டை நகர்த்திவிட்டு, தலை நிமிராமலே, எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"விசேஷம் ஒந்நும் இல்லல்லோ?"

"ஒண்டும் இல்லை," என்றார் அவர்.

கையெழுத்துப் போடக் குனிந்தபோது தலைமுடியிலிருந்து செங்கல் பொடி தாளில் உதிர்ந்தது. ரைட்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் தலையிலும் அதே பொடி. கூரைக்கு அடியில்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. ரைட்டர் தாளை ஒருமுறை ஊதிவிட்டுப் பதிவேட்டை மூடினார்.