இஸ்திரிப் பெட்டி ஒயரும் அத்தானின் காதும்

அவளை அந்தத் தெருவில் எல்லோரும் ‘சந்தேகம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ரேடியோ, ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் பழுது பார்க்கிற கடை அவளுடையது. எதைக் கொடுத்தாலும் மீட்டரை வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டாள். “பேட்டரி புதுசுதான்” என்று சொல்லிப் பாருங்கள், முதலில் பேட்டரியைத்தான் கழற்றுவாள். கடவுளே நேரில் வந்தாலும் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கும்பிடுவாள் என்று அவளுடைய அக்காவே சொல்வாள்.

அந்த அக்காவின் கணவர், அதாவது அத்தான், பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர். முப்பது வருஷமாக ஓர் இசைப்பள்ளியில் அதுதான் வேலை. காதுதான் அவருக்குச் சோறு போட்டது. வீட்டுக்கு வந்தாலும் மனிதர் விடமாட்டார். இரண்டு பெரிய ஸ்பீக்கருக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு இசைத்தட்டு கேட்பார்.

ஆறு மாதத்துக்கு முன்னால் இடப்பக்க ஸ்பீக்கர் கிழிந்துபோய், சந்தேகம்தான் சரிசெய்து கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து அத்தான் கடைக்கு வந்து, “அடிச்சத்தம், அந்த ‘பேஸ்’, குறைஞ்ச மாதிரி இருக்கும்மா” என்றார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நான் கை வச்சது தப்பாகாது அத்தான். உங்களுக்கும் வயசாகுதுல்ல, காது மந்தமாயிருக்கும்” என்று கிண்டலாகச் சொன்னாள். சொன்னவள் அன்றே மறந்துவிட்டாள், கேட்டவர் மறக்கவில்லை.

பயம் வந்தவனுக்குக் கடைக்காரன்தான் வைத்தியன். நகரத்தில் பெரிய சவுண்ட் கடை வைத்திருந்த ஒருவர் அத்தானைப் பிடித்துக்கொண்டார். ஒயர் தரையில் படக்கூடாது என்று தேக்குக் கட்டைகளை விற்றார். ஆம்ப்ளிஃபையர் தலையில் வைக்க ஒரு கறுப்புக் கல்லை விற்றார். கடைசியில் கட்டைவிரல் தடிமனில் ஒரு ஒயர். அதன்மேல் அம்புக்குறி வேறு. அந்தத் திசையில்தான் இசை ஓடுமாம். ஸ்கூட்டர் வாங்குகிற விலை அதற்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை சந்தேகம் அக்கா வீட்டுக்கு வந்து அதைப் பார்த்தாள். அம்புக்குறியை விரலால் தட்டினாள்.

“இசை என்ன அத்தான், ஒருவழிப் பாதையில போற பஸ்ஸா? இந்த ஒயரையும் அக்காவோட இஸ்திரிப் பெட்டி ஒயரையும் மாத்தி மாத்திப் போடுறேன். எது எதுன்னு சொல்லிடுங்க பார்ப்போம்.”

அத்தான் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். பள்ளிக்கு எழுதிய ராஜினாமா. “இந்த ஒயர்லயும் அடிச்சத்தம் வரலன்னா நாளைக்குக் கொடுத்துடுவேன். தப்புச் சுருதி வச்சுட்டுப் பிள்ளைங்க முகத்துல முழிக்க முடியாதும்மா.”

அவள் அதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டாள். ஒயரை நம்பித்தான் புலம்புகிறார், அந்த நம்பிக்கையை உடைத்தால் தெளிந்துவிடுவார் என்று நினைத்தாள். கொடியில் போர்வையைத் தொங்கவிட்டு, ஸ்பீக்கர்களையும் மறைத்து, பின்னால் உட்கார்ந்து ஆறு தடவை ஒயரை மாற்றினாள். ஆறு தடவையும் அத்தான், “ஒரே மாதிரிதான் இருக்கு” என்றார்.

“பார்த்தீங்களா, உங்க ஸ்கூட்டரும் இஸ்திரிப் பெட்டியும் ஒண்ணுதான்” என்று போர்வையை விலக்கிக்கொண்டு வந்தவள், அவர் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“அந்தப் பெரிய கடையில நாலு பேருக்கு வித்தியாசம் கேட்டுச்சும்மா. எனக்குக் கேக்கல. அப்போ என் காது முடிஞ்சுபோச்சு.”

நல்லது செய்யப் போய் மனிதரை இப்படி உட்கார வைத்துவிட்டோமே என்று அவளுக்கு இருந்தது. “இன்னும் ஒரே ஒரு தடவை கேளுங்க” என்று போர்வைக்குப் பின்னால் ஓடினாள். அவசரத்தில், இடப்பக்க ஸ்பீக்கரில் சிவப்பு முனையில் போட வேண்டியதைக் கறுப்பிலும், கறுப்பில் போட வேண்டியதைச் சிவப்பிலும் மாட்டிவிட்டாள்.

“இதுதான்” என்றார் அத்தான். நாற்காலி கிறீச்சிட்டது. “இதுதாம்மா. வந்துடுச்சு.”

அவள் குனிந்து பார்த்தாள். மாட்டியிருந்தது இஸ்திரிப் பெட்டி ஒயர், அதுவும் தலைகீழாக. சரியாக மாட்டினாள். “போச்சு” என்றார். தலைகீழாக மாட்டினாள். “வந்துடுச்சு.” பத்துத் தடவை செய்தாள். ஒரு தடவைகூட அவர் தப்பவில்லை.

உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இடப்பக்க ஸ்பீக்கரைத் திறந்தாள். உள்ளே அவளே ஒயரை ஒட்டிய ஈயப் பற்று. பளபளவென்று அழகாக, இரண்டு ஒயர் முனையும் இடம் மாறி இருந்தது. ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுத்தால் அடிச்சத்தம் எங்கே நிற்கும்? ஊரில் எல்லாவற்றிலும் மீட்டரை வைத்தவள் இந்த ஒன்றில் மட்டும் வைக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. பழையபடி மூடிவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல இருந்துவிடலாம். அரை நிமிஷம் அப்படியும் யோசித்தாள்.

“அத்தான், தப்பு என்னோடது. நான்தான் மாத்தி வச்சிருக்கேன். உங்க காதுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க முதல்ல சொன்னதே சரி.”

அத்தான் எழுந்து வந்து ஸ்பீக்கருக்குள் எட்டிப் பார்த்தார். “ஆறு மாசமா என் காதை நான் நம்பலம்மா” என்றார் மெதுவாக. “உன்னை நம்பினேன்.”

அவள் அழுதுவிட்டாள். அவரும் அழுகிறாரோ என்று பார்த்தால், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை நாலாகக் கிழித்துவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

“கேட்டியா, என் காது நல்லாத்தான் இருக்காம். குண்டூசி விழுந்தாலும் கேக்கும்.”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

“அப்படியா?” என்றாள் அக்கா. “அப்போ தண்ணி பிடிச்சு வைங்கன்னு ஆறு மாசமா நான் கத்தினதெல்லாம் கேட்டுச்சா?”