இரண்டாக அறுத்த நான்காம் பாகம்

நாங்கள் இருவரும் படித்துவந்த, ஏழு பாகங்கள் கொண்ட மாயக்கதையில் நான்காவது புத்தகம், செங்கல் கனம். விடுமுறை முடிந்து கப்பலுக்குக் கிளம்பிய அன்று என் கணவரின் பெட்டி எடை கூடிவிட்டது. மீன் அறுக்கும் கத்தியை எடுத்துப் புத்தகத்தை முதுகோடு இரண்டாக அறுத்தேன். அவர் படித்து முடித்திருந்த முதல் பாதி எனக்கு, மிச்சம் அவரோடு.

“பிந்தின பாதி நான் வந்தபொறவுதான் உனக்கு, பாத்துக்கோ,” என்று சிரித்தார்.

எவ்வளவு சுகமாய்ப் படித்தேன்! மூன்று பாகங்களாக எங்களோடு வளர்ந்த படகோட்டிப் பெண். நடந்து போகும் கலங்கரை விளக்கங்கள். உலை பொங்கி அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. கடைசித் தாளில் அவள், போனவர் எவரும் திரும்பாத மூடுபனிக்குள் படகை விட்டாள். அதோடு என் பாதி முடிந்தது.

கொள்ளையர் பயமுள்ள கடலைத் தாண்டும்வரை நான்கு நாள் போன் இருக்காது என்று கடைசியாகப் பேசியபோது அவர் சொல்லியிருந்தார். நான் படித்து முடித்த அன்று ஐந்தாம் நாள்.

ஆறாம் நாளும் போன் இல்லை. துறைமுகத்தில் கப்பல் ஊதும்போதெல்லாம் போனை எடுத்துப் பார்த்தேன். புத்தகத்தின் அறுபட்ட ஓரத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். வேறு எங்காவது அறுத்திருக்கலாம். அந்த இடத்தில் கத்தி வைத்தது நான்தானே.

மீனோடு வந்த மதினி, அவருடைய அக்கா, என் முகத்தையும் மடியில் கிடந்த தாள்களையும் பார்த்தாள்.

“ஏளா, உள்ள கடலு பத்தாதுன்னு இல்லாத கடலுக்கும் சேத்தா அழுத?”

“நாலு நாள்னாங்க மதினி. இன்னைக்கு ஆறு.”

மதினியின் சிரிப்பு நின்றது. இடுப்பிலிருந்து ஜெபமாலையை எடுத்தாள். மீனை இருவருமே தொடவில்லை.

ஏழாம் நாள் மதியம் போனில் ஒரு படம் வந்தது. பிந்தின பாதியின் முதல் பக்கம். நடு வரியை மறைத்துக்கொண்டு, நகக்கண்ணில் எஞ்சின் எண்ணெய்க் கறுப்போடு ஒரு கட்டைவிரல். கீழே எழுதியிருந்தார்: “எஞ்சின் நின்னுபோச்சு. நடுக்கடல்ல மூணு நாள். இப்ப தாண்டிட்டோம். இவ பிழைச்சாளான்னு சொல்லட்டா?”

கூட இருந்த மதினி ஓவென்று அழுதாள். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போதும் அவருக்கு அதே கடல்தான்.

‘சொல்ல வேண்டாம்,’ என்று எழுதினேன். ‘படமும் அனுப்பாதீங்க. மிச்சத்த நீங்களே கையோட கொண்டாங்க.’