சாய்கோடு போட்ட கட்டம்

இன்று காலை அலுவலகத்தில் காபியும் கையுமாக ஒரு பழைய மென்பொருளின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். மேலே மஞ்சள் பட்டையில் ஓர் அறிவிப்பு. இனி இதைப் பராமரிக்க ஆள் இல்லை, வேண்டுமானால் எடுத்துப் படித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். காபி ஆறிப்போயிற்று. ஒரு மென்பொருள் போனதற்கா இந்த முகம் என்று வீட்டில் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் சின்னதாகப் பதில் இல்லை. உங்களிடம் சொல்லலாம்.

அது ஒரு கிராபிக்ஸ் லைப்ரரி. பெயர்தான் பெரிது, திரையில் கோடு, கட்டம், வட்டம் வரைந்து கொடுக்கிற வேலை. இங்கே பச்சையில் ஒரு கட்டம் போடு என்று நாம் நாலு வரி எழுதினால் போட்டுவிடும். இலவசம். வெளிநாட்டுப் பெரிய கம்பெனி ஒன்று ஐந்தாறு இன்ஜினியர்களுக்குச் சம்பளம் கொடுத்து அதைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்தது. சம்பளம் கொடுத்தவரை அப்படி ஆட்கள் இருப்பதே நம் கண்ணில் படவில்லை.

எனக்கு முதல் வேலை சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில், கார் சீட் செய்கிற கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில். உள்ளே நுழைந்தால் ஃபோமும் பசையும் கலந்த வாடை. அந்த வாடையோடுதான் வருடக்கணக்கில் கேன்டீன் சோறு தின்றேன். இன்றைக்கும் யாருடைய புதுக் காரிலாவது ஏறினால் எனக்குப் பசிக்கிறது. சீட் பூட்டுகிற லைனில் ஆட்கள் நின்று வேலை செய்ய வரிசையாகப் பன்னிரண்டு ஸ்டேஷன். ஒவ்வொன்றின் தலைக்கு மேலும் இரண்டு விளக்கு, மேலே சிவப்பு, கீழே பச்சை. சாமான் தீர்ந்தால் சிவப்பு எரியும். அதைப் பார்த்து டிராலியைத் தள்ளிக்கொண்டுபோய் சாமான் போடுகிறவர் ஏழுமலை. வடக்குப்பட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஃபேக்டரிக்கு நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று வந்த வேலை அது. எட்டு வருடத்தில் அவரால் லைன் நின்றதே இல்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். விளக்குகளை எல்லாம் கழற்றிவிட்டு, லைன் கோடியில் ஒரு பெரிய டிவியை மாட்டி, அந்த லைப்ரரியை வைத்துப் பன்னிரண்டு கட்டம் வரைந்தேன். சாமான் இருந்தால் கட்டம் பச்சை, தீர்ந்தால் சிவப்பு. மேனேஜர் முதுகில் தட்டினார். போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "நல்லா கீதுப்பா, ஆனா இன்னா அது?" என்றாள்.

அடுத்த வாரமே லைன் நான்கு தடவை நின்றது. சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார். "இன்னா ஏழுமல, செவப்பு அங்க காட்டிகினு கீது, நீ பச்ச கிட்ட தள்ளிகினு போற? கண்ணு தெரிலயா?" ஏழுமலை டிராலியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு போனார். இவர்களுக்கெல்லாம் புதுசாக ஒன்று வந்தால் ஏறாது என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

டீ பிரேக்கில் ஏழுமலை என் சிஸ்டம் ரூமுக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"சார், அந்தப் பழைய வெளக்கயே மாட்டிட முடியாதா?"

"ஏண்ணே?"

"எனக்கு செவப்பும் பச்சையும் ஒண்ணாத்தான் தெரியும் சார், சின்ன வயசுலேர்ந்து. மேல எரியுதா கீழ எரியுதான்னு பாத்துத்தான் ஓட்டிகினு இருந்தேன்."

"அப்ப வேலைக்கு சேரும்போது மெடிக்கல்ல?"

"புள்ளி புள்ளியா நம்பர் போட்ட புக்கு காட்னாங்க. முன்னால நின்னவன் படிச்சத காதுல வாங்கிகினு அப்படியே ஒப்பிச்சிட்டேன். வெளிய சொல்லிடாதீங்க சார், வேல பூடும்."

சிவப்புக் கட்டத்துக்குள் சாய்வாகக் கோடுகள் போட்டால் பிரச்சினை தீர்ந்தது. போட்டேன். எங்கள் மலிவுக் கம்ப்யூட்டரில் கோடுகள் புழு மாதிரி நெளிந்தன, பார்த்தால் தலை சுற்றியது. எனக்கு வரையச் சொல்லத்தான் தெரியும், உள்ளே அது எப்படி வரைகிறது என்று தெரியாது. அந்த லைப்ரரிக்காரர்களுக்கு என் ஓட்டை இங்கிலீஷில் எழுதினேன், பெயர் சொல்லாமல் ஏழுமலையின் கண்ணைப் பற்றியும். மறுநாளே ஓர் இன்ஜினியர் பதில் போட்டார். நான்காம் நாள் சரிசெய்து அனுப்பினார். கோடுகள் அசையாமல் நின்றன.

ஏழுமலையிடம் சொன்னேன். "யாரு சார் அவரு? எனக்காவ எதுக்கு செய்றாரு?"

"அதுக்குத்தாண்ணே அவருக்கு சம்பளம்."

"நல்ல கம்பெனி சார்," என்றார்.

கோடு எதற்கு என்று மேனேஜர் கேட்டபோது டிசைன் என்று சொல்லிவைத்தேன். லைன் ஆறு வருடம் தடங்கலில்லாமல் ஓடியது.

அதற்குள் அந்த நல்ல கம்பெனிக்கு வேறு ஆசைகள் வந்துவிட்டன. இன்ஜினியர்களை ஒவ்வொருவராக வேறு வேலைக்கு மாற்றினார்கள். எங்கள் ஃபேக்டரியில் கம்ப்யூட்டர்களை மாற்றியபோது, புது மெஷினில் பன்னிரண்டு கட்டமும் கறுப்பாக வந்தன. எழுதினேன். இரண்டு மாதம் கழித்து அதே மனிதரிடமிருந்து பதில். இப்போது வேறு பிரிவில் இருக்கிறாராம், ஞாயிற்றுக்கிழமை குழந்தை தூங்கினால் பார்க்கிறாராம், மன்னிக்கச் சொன்னார். அவரை என்ன சொல்ல முடியும்?

அதுவரை இங்கே யாரும் காத்திருக்கவில்லை. ரெடிமேட் சாஃப்ட்வேர் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டார்கள். சிவப்பு, பச்சை மட்டும், கோடு கிடையாது. மாற்றம் வேண்டுமென்றால் ஃபாரத்தில் காரணம் எழுதி மேனேஜர் கையெழுத்து வாங்க வேண்டும். ஃபாரத்தை ஏழுமலையிடம் கொண்டுபோனேன். வாங்கிப் படித்தார், நான்காக மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "வாணாம் சார். காரணம் எழுதினா அந்த புக்க மறுபடி எடுத்துகினு வருவாங்க."

டிசைன் என்று இன்னொரு பொய் எழுதிக் கையெழுத்துக்கு நீட்டியிருக்கலாம். எனக்கு அது தோன்றியபோது அவர் ராஜினாமா கொடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அதுவரை மூன்றாவது ஸ்டேஷன் பெண் ஒருத்தி, எங்கே சாமான் தீர்ந்தது என்று அவருக்கு விரலால் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளை வேறு ஷிப்டுக்கு மாற்றிய அன்று லைன் மூன்று தடவை நின்றது. மறுநாள் ஏழுமலை சொந்தக் காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

நானும் அந்தக் கம்பெனியை விட்டாயிற்று. போன மாதம் இந்த அலுவலகத்துக்குத் தண்ணீர் கேன் போட வந்தவர் ஏழுமலை. மூன்று மாடி ஏறியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. வேலை எப்படி என்று கேட்டேன்.

"எல்லா கேனும் ஒரே கலரு சார். ஒரு தொந்தரவும் இல்ல."

என்னைத் தேற்றத்தான் சொன்னார். நானும் சிரித்துவைத்தேன். அவர் காலி கேன்களோடு இறங்கிப் போகும் சத்தம் கீழ்வரைக்கும் கேட்டது. ஒரு கட்டத்துக்குள் நாலு கோடு நின்றிருந்தால் அந்த மனிதர் இன்னும் லைனில் இருந்திருப்பார்.