படி வைக்காத குசினி

என் வீட்டின் மேல் பிள்ளைகள் சில்லுப் பலகையில் உருண்டு விளையாடுகிறார்கள் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். வீடு என்றால் தரை மட்டும்தான். மற்றதையெல்லாம் கடல் கொண்டு போய்விட்டது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். எனக்கு நிக்காஹ் ஆவதற்கு முன்னமே வாப்பா கல்முனைக் கரையில், அலைச் சத்தம் ஹோலுக்குள் கேட்கிற தூரத்தில், அந்த வீட்டைக் கட்டினார். தரைக்குச் சிவப்புச் சீமெந்து பூசி, முகம் தெரியுமட்டும் தேய்க்க வைத்தார். ஹோலில் இருந்து குசினிக்கு இறங்க ஒரு படி வைத்தால் குசினித் தண்ணீர் ஹோலுக்கு வராது என்றார் மேசன். உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். படியே வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றார். முழங்கால் வருத்தக்காரி ஒற்றைக்காலில் நின்று வென்றுவிட்டாள் என்று வாப்பா பிறகு பகிடி பண்ணுவார். ஹோலும் குசினியும் ஒரே மட்டமாகப் போயின. அந்தத் தண்ணீரைத் துடைத்தே எனக்கு இடுப்பு ஒடிந்தது.

வாப்பா மௌத்தாகிச் சில வருடங்களில் சுனாமி என்று கடல் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் மாப்பிள்ளையும் ஒரு வயது மகளோடு அட்டாளைச்சேனையில் மச்சி வீட்டில் நின்றோம். உம்மா எங்கள் வீட்டுக் குசினியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்ததாக, தென்னையில் ஏறித் தப்பிய பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். மூன்றாம் நாள் அடக்கினோம். முகம் பார்க்க என்னை விடவில்லை.

கடலோரத்தில் இனி வீடு கட்டக் கூடாது என்று சட்டம் வந்தது. ஒரு சுவராவது வைக்க விடுங்கள் என்று அரசாங்கக் கந்தோர் கந்தோராக நடந்தேன். இன்றைக்குப் போனால் நாளைக்கு வரச் சொன்னார்கள். கடைசியில் வயல் பக்கம் ஒரு வீடு தந்தார்கள். நல்ல வீடுதான், மழை பெய்தால் முற்றத்தில் தவளை கத்தும். ஆனால் அது என் வாப்பா எனக்குத் தந்த வீடு இல்லை.

அதனால் வெள்ளிக்கிழமைக் காலையில் தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்குப் போவேன். சோதனைச் சாவடியில் நிற்கிற ஆமிக்காரனுக்குக்கூட என்னையும் தும்புத்தடியையும் தெரியும். தரையில் ஏறியிருக்கிற மணலைக் கூட்டித் தள்ளுவேன். அடுத்த வெள்ளிக்கிழமை அதே மணல் திரும்ப வந்து கிடக்கும். “கடற்கரைய முழுசாக் கூட்டி முடிக்கப் போறியா?” என்பார் என் மாப்பிள்ளை. ஹோலையும் அறையையும் கூட்டுவேன். குசினிக்குள் மட்டும் கால் வைக்க மாட்டேன். சுவர் நின்ற இடத்தில் நாலு விரல் உயரத்துக்குச் செங்கல் மிஞ்சியிருந்தது. வாசல் இருந்த இடம் திறந்து கிடந்தது. அந்த வாசலோடு திரும்பிவிடுவேன். இப்படியே வருடங்கள் போயின. எனக்கு அலுத்துவிட்டது. அலுத்தாலும் போனேன்.

நாட்டில் சண்டை முடிந்தது. சாவடிகளைக் கழற்றினார்கள். அப்போது டோஹாவில் கொங்கிறீட் வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்த மேசன் ஒருவர் வந்தார். பொத்துவில் பக்கம் அலையில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் செலவு செய்ய, இந்தக் கரையில் பிள்ளைகள் சில்லுப் பலகை ஓட ஸ்கேட் பார்க் கட்டப் போகிறோம் என்றார். இரண்டு பக்கத்து வீட்டுக்காரரும் தங்கள் தரையைக் கொடுத்துவிட்டார்களாம். நடுவில் இருப்பது என்னுடையது. இரண்டு பக்கமும் கொங்கிறீட் சரிவு, என் தரையில் ஓட்டம், குசினி மூலையில் இன்னொரு சரிவு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னை ஒரு சுவர் வைக்க விடாத சட்டம் இதற்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டதா என்று கேட்டேன்.

“இது வீடில்ல ராத்தா,” என்றார். “கூரை இல்ல, சுவர் இல்ல. ஆரும் இருக்கப் போறதில்ல.”

சண்டை பிடிக்கத் தெம்பு இல்லை. கொடுத்தேன். ஆனால் குசினியில் கை வைக்கக் கூடாது, அதன் செங்கல்லில் ஒன்றைக்கூடக் கழற்றக் கூடாது, எந்தப் பிள்ளையும் அதற்குள் போகக் கூடாது என்று மூன்று தரம் சொன்னேன். மேசன் தலையைச் சொறிந்தார். சரிவில் இருந்து வருகிற வேகத்துக்கு அந்தப் பக்கம் இடம் வேண்டும் என்றார். நான் கேட்கவில்லை.

கட்டி முடிந்தது. நற்பிட்டிமுனைக்காரர் வந்து சரிவில் நெல் காயப் போடலாமா என்று கேட்டார்கள். பொம்பிளைப் பிள்ளையைப் பலகையில் ஏற விட்டிருக்கிறாள் என்று ஊர் கதைத்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மகளுக்கு அப்போது எட்டு வயது. அவளை நானேதான் விட்டேன். தான் பிறந்த வீடு எது என்று கேட்டால் காட்ட எனக்கு வேறென்ன இருந்தது?

ஒரு மாதம் போகவில்லை, கை முறிந்து வந்தாள். பெரிய சரிவில் இருந்து இறங்கியிருக்கிறாள். நேரே விட்டிருந்தால் பலகை வாசலால் குசினிக்குள் போய் மெல்ல நின்றிருக்கும். வாசலுக்குக் கிட்ட வந்ததும் இவள் பலகையைத் திருப்பியிருக்கிறாள். சில்லு செங்கல்லில் தட்டித் தூக்கி எறிந்துவிட்டது. ஆசுபத்திரியில் கைக்கு மாவுக்கட்டுப் போடும்போது, ஏன் திருப்பினாய் என்று சத்தம் போட்டேன்.

“குசினிக்குள்ள போகக் கூடாதெண்டு நீங்கதானே உம்மா சொன்னீங்க. அதான் கிறுகினன்.”

யா அல்லாஹ். மௌத்தானவருக்கு நான் வைத்த காவல் உயிரோடிருக்கிற பிள்ளையின் கையை முறித்துவிட்டது. அன்று நான் சோறு தின்னவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை தும்புத்தடியை எடுக்காமல் அவளோடு போனேன். வெயிலுக்கு ஒருவரும் இல்லை. மேசன் மட்டும் வெடிப்பு ஒன்றுக்குச் சீமெந்து பூசிக்கொண்டிருந்தார். பலகையை ஹோலில் வைக்கச் சொன்னேன். நிற்கிற வயதா எனக்கு? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பலகையில் குந்தினேன். மகள் சிரித்துவிட்டாள். நல்ல கையை என் முதுகில் வைத்து, நேரே தள்ளு என்று நான் சொன்னபடியே தள்ளினாள்.

சில்லு கடகடத்தது. ஹோல் போனது, சாப்பாட்டு மேசை கிடந்த இடம் போனது. வாசல் வந்ததும் என் கை தானாக நிலையைப் பிடிக்க எழுந்தது. பிடிக்க ஒன்றுமில்லை. பலகை ஒரு தட்டும் இல்லாமல் உள்ளே போய், அடுப்படியில் நின்றது. கால் வைக்க முடியாமல் ஏழு வருடம் நான் வாசலோடு திரும்பிப் போன இடம். உம்மா அடம்பிடித்து ஒரே மட்டமாகப் போட வைத்த தரை. அது இல்லாவிட்டால் நான் உள்ளே வந்திருக்கவே மாட்டேன். பலகையில் இருந்தபடியே அழுதேன். மகள் பயந்து போய் என் முக்காட்டைச் சரிசெய்தாள்.

அழுது முடிந்ததும் மேசனைக் கூப்பிட்டேன். செங்கல் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். குசினி மூலையில் அவர் கேட்ட சரிவையும் கட்டச் சொன்னேன். “குசினியிலயா ராத்தா?” என்று அவர் கரண்டியோடு எழுந்து வந்தார்.

“கட்டுங்க தம்பி,” என்றேன். “ஆனா இந்த வாசல்ல படி மட்டும் வெச்சிராதீங்க. எங்கட உம்மாக்கு முழங்கால் ஏலாது.”