இரண்டு பச்சைப் பட்டன்கள்

என் மகளின் புகுந்த வீட்டில் நெல் அறுக்கும் இயந்திரங்கள் இரண்டு இருக்கின்றன. காய்ந்த வயலுக்கு டயர் வண்டி, சேற்று வயலுக்கு பெல்ட் வண்டி. மாப்பிள்ளையும் அவருடைய இரண்டு அண்ணன்களும் கூட்டாக நடத்துகிறார்கள். விவசாயிகள் போனிலேயே வண்டி பிடிக்கட்டும் என்று என் மகள் ஒரு வெப்சைட் செய்தாள். நான் அவர்களோடுதான் இருக்கிறேன். ஆகவே அது தயாரான அன்றே எனக்குக் காட்டினாள்.

பின்னணியில் கதிர் சாய்ந்த பச்சை வயல். அதன் மேல் மூன்று சகோதரர்களும் வெள்ளைச் சட்டையில் கைகூப்பி நின்றார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாண பேனரானாலும் கடைத் திறப்பானாலும் பங்காளிகளின் படம் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு விரற்கடை குறைந்தால் பேச்சுவார்த்தை நின்றுவிடும். எழுத்துகளில் ஏழு நிறங்களை எண்ணினேன். எட்டாவது இருந்திருக்கலாம், ஒரு வரி ஓடிக்கொண்டே இருந்ததால் பிடிபடவில்லை. அடியில் ஒரே அளவில் இரண்டு வெளிர்பச்சைப் பட்டன்கள்: முதலில் டயர், பக்கத்தில் பெல்ட்.

“நல்லாயிருக்காப்பா?” என்றாள்.

“எல்லாமே இருக்கு,” என்றேன். அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

சம்பா அறுவடை தொடங்கிய வாரத்திலேயே வம்பு வந்தது. குடவாசலுக்குத் தெற்கே ஒருவர் வண்டி புக் செய்தார். டயர் வண்டி போனது. வயலில் கணுக்கால் அளவு தண்ணீர். வண்டி வரப்போடு நின்று திரும்பிவிட்டது. அவர் கேட்க நினைத்தது பெல்ட். கண்ணில் முதலில் பட்ட பட்டனை அழுத்தியிருக்கிறார். கதிர் சாய்ந்து கிடக்கிறது, மேலே மேகம் வேறு. போனில் அவர் திட்டியது கூடம் வரைக்கும் கேட்டது.

சகோதரர்களில் மூத்தவர் அன்று சாயங்காலமே வந்து உட்கார்ந்தார். “இந்தப் போன் வெளையாட்டெல்லாம் வேணாம்மா. புக்கிங்க புரோக்கர்கிட்ட விட்டுடறேன். அவருக்கு ஊரு ஊரா ஆளு தெரியும்.”

“பொங்கல் வரைக்கும் பாருங்க மாமா. சரிபண்ணிடறேன்,” என்றாள் மகள்.

“பொங்கல் வரைக்கும்தான்.”

கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் அவள் கையில் முழுதாக இருந்த வேலை அது ஒன்றுதான். அது போனால் என்ன ஆகும் என்று எனக்கு இரவெல்லாம் கவலை. அவள் தூங்கினாள்.

மறுநாள் பகலில் கொள்முதல் நிலையத்துப் பக்கம் இருவரும் போனோம். வெயிலில் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் மகள் போனைக் கொடுத்து, “இதுல வண்டி எங்க புக் பண்றதுன்னு சொல்லுங்கக்கா,” என்றாள்.

அவர் வெயிலுக்குக் கையை மறைப்பாக வைத்துத் திரையைப் பார்த்தார். “மூணு பேரு நிக்கிறாங்க. எலெக்‌ஷனா?”

“இல்லக்கா, அறுப்பு மிஷினு.”

“மிஷினு எங்க? ஆளுங்கதான தெரியுறாங்க! இந்த வெயில்ல அந்தப் பச்சை ஒரு எழவும் தெரியல. நடுவுல இருக்கறவரு யாரு, தொந்தியோட?”

நடுவில் இருந்தவர் மூத்தவர். மகள் போனை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து நான் ஒன்று செய்து பார்த்தேன். என் வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இடது கண்ணில் எடுக்கவில்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் திரையில் மூன்று வெள்ளைச் சட்டைகள் மட்டும் நின்றன. பட்டன்கள் வயலோடு வயலாகப் போய்விட்டன. சொன்னேன். “அந்தக் கண்ணுக்கு ஆபரேஷன் தள்ளிப்போடுங்கப்பா, எனக்கு வேணும்,” என்றாள்.

வயல் படத்தை எடுத்துவிட்டு வெறும் வெள்ளை வைத்தாள். ஏழு நிறத்தில் ஐந்து போயிற்று. பெல்ட் பட்டனைப் பெரிதாக்கி, கருஞ்சிவப்பில் வெள்ளை எழுத்து போட்டாள்; இங்கே பெரும்பாலும் ஈர வயல்தானே. அதன் மேல் ‘வயலில் ஈரம் இருக்கிறதா?’ என்று ஒரு வரி. டயர் பட்டன் கீழே, சிறியதாக, கோடு மட்டும் போட்ட பெட்டியில். சுற்றிலும் ஒன்றுமில்லை.

எனக்கு அந்த ஒன்றுமில்லாததுதான் பொறுக்கவில்லை. “பாதித் திரை சும்மா கெடக்கே. ஏதாவது போடேன்.”

“நடவுல எடம் விடலையா?”

“அங்க விட்டா பயிரு கிளைச்சு தூர் வெடிக்கும். இங்க என்ன வெடிக்கும்?”

“அந்தக் கண்ணால பாருங்க.”

பார்த்தேன். மங்கலாக ஒரு சிவப்புக் கட்டி, அது ஒன்றுதான் தெரிந்தது. அதற்கு மேல் நான் வாதாடவில்லை, வெள்ளை கொஞ்சம் அதிகம் என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

கஷ்டமானது சகோதரர்களின் படங்கள்தான். மூன்றையும் பக்கத்தின் அடிக்கு இறக்கி, கட்டைவிரல் நகமளவு ஆக்கியிருந்தாள். மூத்தவர் போனைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

“என் மூஞ்சியவிட பட்டன் பெருசா இருக்கேம்மா.”

“ஆமாங்க மாமா.”

“ஏன்?”

“வெயில்ல நிக்கிறவருக்கு வண்டிதான் வேணும். உங்கள அவருக்கு ஏற்கெனவே தெரியும்.”

அவர் இரண்டு விரலால் திரையை விரித்து, மூன்று படங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். அளவு ஒன்றுதான் என்று தெரிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அதன் பிறகு புக்கிங் வந்தது. தப்பாக ஒன்றும் வரவில்லை. நான் ஒவ்வொன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாப்பாட்டு நேரத்தில் அழைப்பு வருகிறது என்று குறையும் சொன்னேன். பொங்கலுக்கு முந்தைய நாள் அந்தப் புரோக்கரே தன் மைத்துனன் வயலுக்காக சிவப்புப் பட்டனை அழுத்தியிருந்தார். மகள் அவருடைய பெயரைப் படித்துக் காட்டியபோது மூத்தவர், “அவனுக்கும் இதான் கண்ணுல பட்டுச்சா?” என்றார்.

பொங்கல் கழிந்தது. புரோக்கர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை, எடுத்தால் ஞாபகம் வந்துவிடுமோ என்று. மாட்டுப்பொங்கல் அன்று சாயங்காலம் மூத்தவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே பார்த்துக் கேட்டார்: “ஏம்மா, நாளைக்கு பெல்ட்டு வண்டி எங்க போவணும்?”