பக்கச் சுவர் வழியே வந்தவை

அலுவலகத்தில் அவரைச் சல்லடையார் என்றே கூப்பிட்டார்கள். செயற்கைக்கோளில் பறக்கும், புரோட்டான்களை எண்ணும் கருவி அனுப்பும் கணக்கைச் சலித்துத் தருவது அவர் வேலை. சூரியன் வெடித்துச் சிதறும்போது வரும் புரோட்டான்கள் கருவியின் முன்வாசல் வழியாக நுழைந்தால்தான் அவற்றின் ஆற்றலைச் சரியாக அளக்க முடியும். வேகம் மிகுந்தவையோ வாசலை மதிப்பதில்லை. பக்கச் சுவரைத் துளைத்து உள்ளே வந்து, ஆற்றல் குறைந்தவை போலக் கணக்கில் ஏறிக்கொள்ளும். அந்தப் போலிகளைக் கழித்த பிறகே எச்சரிக்கை கொடுக்க வேண்டும். கூட்டிச் சொன்னால் நல்ல செயற்கைக்கோள்களை வீணாக அணைத்து வைப்பார்கள். குறைத்துச் சொன்னால் விண்வெளியில் இருப்பவர்கள் ஒதுங்காமல் இருந்துவிடுவார்கள்.

கழிக்கும் விதத்தை அவர் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. கேட்டால், "அது கைப்பழக்கம்ங்க" என்று சிரித்து மழுப்புவார். தன் நாற்காலிக்கு அதுவே காவல் என்று நினைத்தார்.

மனைவி வேலை பார்ப்பது வேறு ஊரில், மகளும் அவளோடுதான். அந்த ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு நடையாய் நடந்தவருக்கு, இன்று பிற்பகல் தலைமையகத்தில் நேர்காணல். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தார். கிளம்பிக் கதவருகே போனபோது பக்கத்து மேசைக்காரி திரையில் ஓடும் வரைபடத்தைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"சார், கோடு ஏறுது. எல்லாமே ஒண்ணா ஏறுது."

வேகமானவை முதலில், மெதுவானவை பின்னால் என்பதுதான் முறை. ஒன்றாக ஏறினால், சுவர் வழியாக வந்தவை கலந்திருக்கின்றன.

"நீங்க கிளம்புங்க. எப்படிக் கழிக்கணும்னு மட்டும் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்."

சொல்ல வாயெடுத்தார். எங்கிருந்து தொடங்குவது? ஒவ்வொரு சூரியப் புயலுக்கும் கழிக்க வேண்டிய அளவு மாறும். மேலதிகாரி எட்டிப் பார்த்து, "சல்லடையார் இருக்காரா? அப்ப சரி" என்று நிம்மதியாகப் போய்விட்டார். சல்லடையார் பையை இறக்கி வைத்தார்.

மனைவி போன் செய்தாள்.

"கிளம்பிட்டீங்களா?"

"இல்லம்மா. சூரியன் வெடிச்சிருக்கு."

"போன தடவையும் இதானே. அதுக்கும் நமக்கும் ஏதாவது பங்காளிச் சண்டையாங்க?"

"இங்க வேற யாருக்கும் இது தெரியாது."

"தெரியாமப் பாத்துக்கிட்டது யாரு?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

மாலையில் தலைமையகத்திலிருந்து தகவல் வந்தது. அவர் மாற்றல் கேட்ட இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மேலதிகாரி தானே தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"நீங்க இல்லன்னா இந்த இடமே இல்லைங்க."

இந்த ஒரு சொல்லுக்காகவே இத்தனை வருஷம் இருந்தவர், தேநீரை வாங்கி அப்படியே மேசையில் வைத்தார். கோடு இன்னும் இறங்கவில்லை. நாற்காலியை நகர்த்தித் திரையைப் பக்கத்து மேசைக்காரி பக்கம் திருப்பினார்.

"உக்காருங்க. பிடிபட மூணு நாலு புயலாவது ஆகும்."

"அடுத்த புயல் எப்ப சார் வரும்?"

"சூரியனத்தான் கேக்கணும்" என்றபடி அடுத்த எண்ணைக் கழிக்கத் தொடங்கினார்.